உழைச்செல்வான் யார்?

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. முதல் மூன்றில் எவருக்கும் ஐயமில்லை. நான்காமவன் யார் என்பதில்தான் வகுப்பறையில் ஆண்டுதோறும் பேச்சு நீளும். 'உழை' என்றால் பக்கம். ஆகவே நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவன் என்று கொள்வோர் உண்டு. பரிமேலழகர் அப்படிக் கொள்ளவில்லை. மருந்தைப் பிழையாமல் ஆக்கித் தருபவன் என்பது அவர் கண்ட பொருள். முன்னதை ஏற்றால் உழைச்செல்வான் இன்றைய செவிலியர்; பின்னதை ஏற்றால் இன்றைய மருந்தாளுநர்.

இரண்டு உரைகளில் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. பரிமேலழகர் பயன்படுத்திய 'பிழையாமல்' என்ற ஒரு சொல்தான் நம்மை இங்கே இழுத்து வந்தது. மருத்துவனுக்குக் கூட அவர் அந்த அடையைக் கொடுக்கவில்லை. மருந்து ஆக்குபவனுக்கே கொடுத்தார். நோயைக் கண்டறிவதில் மருத்துவன் தடுமாறினால் மறுநாள் திருத்திக்கொள்ள ஓரளவு இடமுண்டு. மருந்தை அளந்து கொடுக்கும் கையில் நேரும் பிழை, கொடுத்த அக்கணமே நோயாளியின் உடலுக்குள் போய்விடுகிறது.

தமிழ் கற்பிக்கும் நமக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நாம் குடியிருக்கும் திருவாதவூரில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் ஒரு சிறு கூட்டம் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருவார். மேலூர்ப் பக்கம் மருந்துக்கடை நடத்தும் இருவர் வருவர். மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில காலம் வேலை பார்த்து ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர் உண்டு. டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வருவர். மருந்துகளை உண்ணும் முறையை நோயாளிகளுக்குப் புரியும் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று அந்தப் பெரியவர் ஒருமுறை கேட்டார். அப்படித்தான் நாம் உள்ளே நுழைந்தோம். இப்போது அந்தக் கூட்டத்தில் பேச்சு தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் நம் தலையில் விழுந்திருக்கிறது. வகுப்பெடுத்துப் பழகியவர்களுக்கு அந்த வேலை எளிது என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள் போலும்.

அது எளிதன்று என்பதை முதல் நான்கைந்து கூட்டங்களே காட்டின.

மாணவர்கள் தேர்வைப் பற்றிப் பேச விரும்பினார்கள். எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி வரும், அரசுப் பணித் தேர்வுக்கு எந்த நூலைப் படிக்கலாம், படித்து முடித்தால் சம்பளம் எவ்வளவு என்பவை அவர்களுடைய கேள்விகள். கடைக்காரர்களுக்கு வேறு கவலை. காலாவதியான மருந்தை மொத்த வியாபாரி திரும்ப வாங்க மறுக்கிறார். பெரிய நிறுவனங்கள் விலையில் இருபது விழுக்காடு தள்ளுபடி என்று பலகை வைக்கின்றன. கைபேசியில் கேட்டால் மருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது. பெரியவருக்கோ பழங்கதை. பெரிய கண்ணாடிச் சாடிகளில் மிக்சர் கலக்கி வைத்து, நோயாளி கொண்டுவரும் புட்டியில் அளவுக்குறிக் காகிதம் ஒட்டி ஊற்றிக் கொடுத்த காலத்தை அவர் சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். ஒவ்வொன்றும் கேட்கத் தகுந்ததே. ஆயினும் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தலைமுறைகள் ஒரே பாயில் அமர்ந்து மூன்று வெவ்வேறு ஊர்களில் இருந்தன.

இதற்குக் காரணம் அவர்களுடைய மனப்பான்மை மட்டுமன்று. இந்நாட்டில் மருந்தாளுநர் கல்வி வளர்ந்த வரலாற்றிலேயே இந்தப் பிளவு கிடக்கிறது. 1930இல் கர்னல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, கலப்பட மருந்துகள் சந்தையில் தாராளமாகப் புழங்குவதையும், மருந்து கலந்து கொடுப்போருக்கு முறையான பயிற்சி இல்லாததையும் எடுத்துக்காட்டியது. 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்துக் கல்வியைத் தொடங்கினார். 1940இல் மருந்துச் சட்டமும், 1945இல் அதன் விதிகளும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவச் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கலாம் என்று அந்தக் கடைசிச் சட்டம் வரையறுத்தது. ஆனால் பல்கலைக்கழகக் கல்வி தொழிற்சாலையை நோக்கி நடந்தது. மாத்திரையை அழுத்தும் எந்திரம், மருந்தின் வேதிக் கட்டமைப்பு, பகுப்பாய்வு முறைகள் எல்லாம் பாடமாயின. கடைமேசைக்கு அப்பால் நிற்கும் மனிதன் பாடத்தில் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தான். நோயாளியை மையமாகக் கொண்ட ஃபார்ம்.டி. படிப்பு இந்தியாவில் 2008இல்தான் தொடங்கியது. நோயாளிக்கு ஆலோசனை கூறுவது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் தொழில்முறை ஒழுங்குவிதிகள் எழுதி வைத்தன.

எழுதி வைத்ததற்கும் நடப்பதற்கும் உள்ள தொலைவை எந்த மருந்துக்கடையிலும் மாலை ஏழு மணிக்குப் போய் நின்று பார்க்கலாம். பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது ஆலோசனைக்கு இடம் ஏது? மாத்திரை அட்டையைக் கத்தரித்து, உறையில் போட்டு, '1-0-1' என்று கிறுக்கிக் கொடுப்பதோடு முடிகிறது.

இந்நிலையில் மாணவருக்கும் தொழில் செய்பவருக்கும் ஒருங்கே பொருந்துகிற பேச்சு எது? இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் திரிந்தோம். தடை விதித்துப் பார்க்கலாம் என்றனர் சிலர். சம்பளம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது, பழங்கதை கூடாது என்று ஒரு பட்டியல் போட்டால் கூட்டம் ஒழுங்காகும் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. விலக்க வேண்டியதைப் பட்டியலிட்டால் எஞ்சுவது மௌனம்தான். பொருத்தம் அதனால் வந்துவிடாது. எனவே ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் ஏற்படுத்தினோம். ஒவ்வொரு கூட்டமும், அந்த மாதத்தில் ஒரு நோயாளி கடையிலோ மருத்துவமனையிலோ உண்மையாகவே கேட்ட ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும். கேள்வி அவர் கேட்ட சொற்களிலேயே சொல்லப்பட வேண்டும். முதலில் மாணவர்கள் விடை கூறுவர். அடுத்துக் கடைக்காரர். கடைசியாகப் பெரியவர். மற்றப் பேச்செல்லாம் தேநீருக்குப் பின்.

முதலில் வந்த கேள்வி ஒரு தாயினுடையது. "பிள்ளைக்குக் காய்ச்சல் சொட்டு மருந்து தீந்துபோச்சு. வீட்ல சிரப்பு இருக்கு. அதே அளவு கொடுக்கலாமாண்ணே?"

பாராசிட்டமால் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் விற்கப்படுகிறது. வழக்கமான சொட்டு மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் மருந்து. சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். மாணவர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். ஒரு மில்லி சொட்டு மருந்துக்கு ஈடு, ஒரு சிரப்பில் நான்கு மில்லி, மற்றொன்றில் இரண்டு மில்லி. அளவை மாற்றாமல் சிரப்பைக் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது, அவ்வளவே. ஆனால் எதிர்த் திசையில் நினைத்துப் பாருங்கள் என்றார் கடைக்காரர். சிரப்பு தீர்ந்துபோய், ஐந்து மில்லி என்ற பழக்கத்தில் சொட்டு மருந்தை ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்தான் அளவு. பெரியவர் இன்னொன்றைச் சேர்த்தார். சளிக்கு என்று வாங்கும் பல சிரப்புகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று தாய் இரண்டு புட்டிகளைத் திறந்தால் ஒரே மருந்து இருமடங்காகப் போகும். அட்டைப்பெட்டியில் பெயர் வேறு. உள்ளே சரக்கு ஒன்று.

அன்று எவரும் கைபேசியை எடுக்கவில்லை. கேள்வி சிறியது, ஆனால் மாணவரிடம் இருந்த கணக்கும், கடைக்காரரிடம் இருந்த பழக்கமும், பெரியவரிடம் இருந்த எச்சரிக்கையும் சேர்ந்தால்தான் அதற்கு முழு விடை கிடைத்தது.

தொடர்ந்து வந்த கேள்விகளும் அப்படியே அமைந்தன. தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு போட்டுக்கொள்ளலாமா? வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்பதை மாணவர் சொல்வார். விடியற்காலையில் களை எடுக்கப் போகிறவள் காப்பி குடிக்க அரைமணி நேரம் காத்திருப்பாளா என்பதைக் கடைக்காரர் கேட்பார். செஃபிக்ஸிம் நான்கே மாத்திரை போதும் என்று ஒருவர் அடம் பிடிக்கிறார்; என்ன செய்வது? அந்த மருந்து எச்1 அட்டவணையில் உள்ளது. 2014 மார்ச் முதல் நடப்புக்கு வந்த அந்த விதியின்படி, சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். விதியை மாணவர் ஒப்பிப்பார். அரைகுறையாய் உண்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்திவிடும் என்பதை, அந்த மனிதருக்கு எப்படிச் சொன்னால் உறைக்கும் என்பது கடைக்காரரின் கலை. "பாதி வரப்பு கட்டுனா தண்ணி நிக்குமாய்யா?" என்று அவர் கேட்டதாகச் சொன்னபோது நாம் அதைக் குறித்துக்கொண்டோம். எந்த அகராதியிலும் கிடைக்காத மொழிபெயர்ப்பு அது.

நம் ஊருக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். கபிலருக்கும் இதுவே ஊர் என்பது மரபு. திருமறைநாதர் கோயில், வாதநோய் தீர்க்கும் தலம் என்னும் நம்பிக்கையும் நெடுங்காலமாக உண்டு. முட்டி வலியோடு வந்து வணங்கிச் செல்வோரை எந்நாளும் காணலாம். அவர்களுள் பலர், சீட்டு எதுவும் இன்றி டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரையை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குபவர்கள். "சாமியும் கும்பிடுறேன், மாத்திரையும் போடுறேன், தப்பா?" என்று ஒரு முதியவர் கேட்டாராம். சாமி கும்பிடுவதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. மாத்திரையில்தான் பேச்சு. நெடுநாள் உண்டால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்த அழுத்த மாத்திரை உண்பவருக்கு அதன் பயனைக் குறைக்கும். அம்முதியவரிடம் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதே. இந்த எதிர்க்கேள்வியைப் பழகிக்கொள்வதைவிட ஒரு மருந்தாளுநர் மாணவருக்குப் பொருத்தமான பாடம் வேறு உண்டா?

இவ்வாறு போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்கு 2025 அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்தது 'கோல்ட்ரிஃப்' என்னும் சளி மருந்து. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அந்தத் தொகுதி மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. ஏற்கத்தக்க உச்ச வரம்பு 0.1 விழுக்காடு. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அம்மாதமே அந்நிறுவனத்தின் உரிமம் நீக்கப்பட்டது.

இரண்டாம் ஞாயிறு வந்தபோது கேள்வியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்த மருந்துப் புட்டிகள் அனைத்தையும் மஞ்சள் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்த ஓர் அப்பத்தா கேட்டது இது: "இதுல எதய்யா பிள்ளையக் கொல்லும்? எடுத்துக் கீழ போடு."

மாடியில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பி.ஃபார்ம் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் தொடங்கினார். பாராசிட்டமால் நீரில் எளிதில் கரையாது. ஆகவே திரவ மருந்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற கரைப்பான்களைச் சேர்க்கிறார்கள். டைஎத்திலீன் கிளைக்காலும் அவற்றைப்போலவே நிறமற்றது, இனிப்பானது, பாகுபோன்றது. ஆனால் அது தொழிற்சாலைச் சரக்கு. வாங்கிய கரைப்பானில் அது கலந்திருக்கிறதா என்பதை வாயுப் பகுப்பியல் முறையால் கண்டறியலாம் என்று தம் செய்முறை ஏட்டில் எழுதியிருப்பதாகச் சொன்னார். தரக்கட்டுப்பாட்டில் இருந்த இளைஞர் தலையசைத்தார். பீப்பாய் உள்ளே வந்தவுடன் செய்ய வேண்டிய சோதனை அது. விற்றவர் தந்த சான்றிதழை நம்பிப் பீப்பாயைத் திறக்கும் இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது என்றார்.

கடைக்காரர்களுள் ஒருவருக்குக் கோபம் வந்தது. "நம்ம கையில அந்த மெஷினா இருக்கு? கம்பெனி மூடி போட்டுக் குடுக்குது, நாம விக்கிறோம். நம்மளக் கேட்டா?" என்றார்.

பெரியவர் அவரை அமர்த்தவில்லை. மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நாளைக்கு ஒரு தொகுதி எண்ணைச் சொல்லி, அதை நிறுத்து என்று உத்தரவு வருது. உன் கடையில் அது பத்துப் புட்டி வந்தது, ஆறு இருக்கு. மீதி நாலு எந்த வீட்டில் இருக்கு என்று சொல்வாயா?"

பதில் இல்லை. குழந்தைகளுக்கான சிரப்பைப் பலர் ரசீது இல்லாமலே வாங்கிப் போகிறார்கள். ஒன்றிரண்டு ரூபாய் சில்லறைக்காக வாதாடுபவர்கள் ரசீதுக்கு நிற்பதில்லை. கொடுப்பவரும் வற்புறுத்துவதில்லை. அதன் பிறகு அவர் சென்னையைப் பற்றிச் சொன்னார். 1972இல் சென்னையில் இதே நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். தாம் பணியில் சேர்ந்த புதிதில் மூத்த மருந்தாளுநர்கள் அதைச் சொல்லித்தான் புட்டியைத் தொடவே விடுவார்கள் என்றார். மாணவர்களுள் ஒருவருக்கும் அச்செய்தி தெரிந்திருக்கவில்லை.

வீடு திரும்பி அந்த வரிசையைத் தேடி எழுதிப் பார்த்தோம். 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற 1938ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. 1972இல் சென்னை. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் அதே நஞ்சு; பதினான்கு பேர் மாண்டனர்; நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. 2020இல் ஜம்முவின் ராம்நகர். 2022இல் காம்பியா, ஏறத்தாழ எழுபது குழந்தைகள். அதை அடுத்து, 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு ஆய்வகங்களில் சோதிக்க வேண்டும் என்று இந்திய அரசு ஆணையிட்டது. பிறகு 2025.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக ஒரே நஞ்சு, ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டறியும் முறை தெரியாமல் இல்லை; நூலில் இருக்கிறது, மாணவியின் ஏட்டிலும் இருக்கிறது. அறிவு இருந்தும் நினைவு அறுந்துவிடுகிறது. சோதனை முறையை மாணவி அறிவார், 1972ஐ அறியார். பெரியவர் 1972ஐ அறிவார். வாயுப் பகுப்பியலை அறியார். கடைக்காரர் அந்த அப்பத்தாவை அறிவார். மற்ற இரண்டும் அவருக்குச் செய்தித்தாள் வழியாகவே வந்தன. இம்மூவரும் ஓரிடத்தில் பேசாவிட்டால், ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சரியாக இருந்தும் குழந்தை சாகும்.

அன்றைய கூட்டம் இரவு ஒன்பது மணி வரை நீடித்தது. முடிவில் பெரிய தீர்மானம் ஏதும் இல்லை. அந்த மாதம் நடுவண் அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் வெளியிட்டிருந்த அறிவுரையை மாணவர்கள் படித்துக் காட்டினர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதன்று என்பது அதன் சாரம். பெரும்பாலான குழந்தைகளின் இருமல் தானாகவே அடங்கும் என்பதையும் அது சொல்லியிருந்தது. கோபப்பட்ட அதே கடைக்காரர் மறுநாளிலிருந்து குழந்தை மருந்துகளுக்குத் தொகுதி எண்ணோடு ரசீது போடத் தொடங்கினார். வாங்குபவரின் கைபேசி எண்ணையும் அடிக்கட்டையில் எழுதிக்கொள்கிறார். "ரெண்டு ரூவா காயிதம்ணே, போகட்டும்" என்றார் அடுத்த மாதம். பொருத்தமான பேச்சு எது என்ற கேள்விக்கு நமக்குக் கிடைத்த விளக்கம் இதுவே. மறுநாள் காலையில் கடைமேசையில் ஒரு கை வேறுவிதமாக இயங்குமானால், முந்தின நாள் பேசியது பொருத்தமான பேச்சு.

நம் பங்கு தமிழ். அதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அவர்களைத் தமிழ் படித்தோர் அறிவர். 1847இல் வந்தவர், பின்னாளில் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல், மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். வாரிங் தொகுத்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்துநூல், அவர் முயற்சியால் 'இந்து பதார்த்த சாரம்' என்று தமிழில் வந்தது. ஊர் மக்களிடையே வாழப் போகிறவன் ஊர் மக்கள் மொழியில் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் மாணவர்கள் பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, நோயாளியைத் தமிழில் சந்திக்கிறார்கள். பாலத்தை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பாலத்துக்குக் கல் சுமப்பதே நம் வேலை. நோயாளிகளுக்கான குறிப்புகளை எழுதும்போது தூய தமிழா, பேச்சுத் தமிழா என்ற வழக்கு எழுந்தது. சொல் தூயதா என்பதைவிட, எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் ஒரே வாசிப்பில் சரியாகச் செய்வாரா என்பதே அளவுகோல் என்று முடிவு செய்தோம். 'உணவிற்கு முன்' என்பதைச் சிலர் உண்பதற்குச் சற்று முன் என்று கொள்கிறார்கள். ஆகவே 'சாப்பிட அரைமணி நேரம் இருக்கும்போது' என்று எழுதினோம். 'ஒரு தேக்கரண்டி' என்பதை அடியோடு நீக்கினோம். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. 'மருந்தோடு வந்த மூடியில் 5 என்ற கோடு வரை' என்பதில் ஐயமில்லை. 'காலை, இரவு' என்று எழுதுவதோடு உறையில் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுப்பது மாணவர் ஒருவரின் யோசனை. நம் உரைநடையைவிட அந்த நிலா தெளிவாகப் பேசுகிறது என்பதில் நமக்கு வருத்தமில்லை.

மாத்திரை என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியத்தில் அது எழுத்தின் ஒலிக்கு அளவு. கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மருந்துக்கடையில் அதே சொல் உருண்டையாய், வில்லையாய் உறையில் விழுகிறது. இரண்டிலும் பொருள் ஒன்றே: அளவு. செய்யுளில் ஒரு மாத்திரை மிகுந்தால் ஓசை கெடும். கடையில் மிகுந்தால் உயிர் கெடும். இதை நாம் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பெரியவர் அதைத் தம் சொந்தக் கருத்துப்போல இன்னொருவருக்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். நல்ல மருந்து கைமாறியதாகவே எண்ணிக்கொண்டோம்.

தேநீருக்குப் பின் சம்பளம், தேர்வு, தள்ளுபடி, பழங்கதை எல்லாம் இன்றும் தாராளமாக ஓடுகின்றன. அவற்றை நாம் தடுப்பதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத மருந்தாளுநர் அறத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்ட மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும் பட்டதாரிகள் இருப்பதற்குச் சம்பளமும் ஒரு காரணம். சான்றிதழ் சுவரில் தொங்கும் கடையில் நான்காம் கூறு ஆளில்லாமல் கிடக்கிறது. நோயாளி இருக்கிறார், சீட்டு எழுதிய மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, உழைச்செல்வான் இல்லை. இதைப் பற்றியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் பேச வேண்டும் என்று மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் வருவார்களா என்று பார்க்க வேண்டும்.

வகுப்பில் இனி அந்தக் குறள் வரும்போது, நான்காமவன் யார் என்ற வினாவை முன்போலவே பிள்ளைகளிடம் விட்டுவிடுவோம். செவிலியர் என்று சொல்பவருக்கும் மதிப்பெண் உண்டு. மருந்தாளுநர் என்று சொல்பவரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறோம்: உங்கள் ஊர்க் கடையில், மருந்தைக் கொடுக்கும்போது உங்களிடம் ஏதாவது கேட்கிறார்களா?